மூன்றரைக் கோடி இலக்கத்துக்கு ஓர் அர்ச்சனை

என் தம்பி பிரதீபன் வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். அக்காவே விட்டுவிட்டாள் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

பிறந்த வருடமே நிமோனியாவை வென்றான். தோட்டத்து லொறி வராததால் றப்பர் ஷீட் ஏற்றிய டிரக்டரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலை, பாதி வருடம் ஆசிரியர் இல்லாத வகுப்பிலிருந்து வென்றான். முட்டைக் கரண்டி ஓட்டத்தில் முதலிடம் வந்தான். மற்றவர்கள் ஓடி முட்டையை விட்டார்கள், இவன் நடந்தே போய்ச் சேர்ந்தான். உயர்தரத்தில் கணிதம் படிக்க எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வழி இல்லை. ஆகவே அவிசாவளையில் சிங்கள டியூஷன் வகுப்பில் உட்கார்ந்து, சிங்களத்தில் கேட்டு, பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் தமிழாக்கி, தமிழில் பரீட்சை எழுதி மூன்று பாடமும் சித்தியடைந்தான். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அது வென்றவற்றில் சேராது என்பதால் அதை எழுதாமல் விடுகிறேன்.

கடைசியாக, இப்திகார் நானாவின் கடையில் மழைத்தண்ணீர் புகுந்து செத்துப்போன கொம்பியூட்டரை வென்றான். கித்துல்கல டவுனில், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் இப்திகார் வைத்திருக்கும் போட்டோகொப்பிக் கடையில்தான் பிரதீபனுக்கு வேலை. "எடுத்துட்டுப் போ மவன், இது இனி கோழிக்கூட்டுக்கு முட்டுக் குடுக்கத்தான் சரி" என்று நானா சொன்னதை, பிறகு நடந்தவற்றுக்காக இங்கே அப்படியே குறித்து வைக்கிறேன். தம்பி அதைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, பழைய சாமான் விற்கும் இடத்தில் துண்டு துண்டாக வாங்கிப் போட்டு எழுப்பிவிட்டான். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே ஒரு பிளக் சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது. அம்மாவோடு வாதாடி அந்த மூலையையும் வென்றான்.

அந்த மூலையில் அவன் செய்த காரியத்தைப் பற்றி வெளியே மூன்று கதைகள் உலவுகின்றன. ஒன்று, அது லொத்தர் நம்பர் பார்க்கும் மெசின். இரண்டு, அவன் வெளிநாட்டு வங்கிக்குள் புகுந்துவிட்டான். மூன்று, அது செய்வினை. மூன்றும் பிழை. அவன் பெரிய பகா எண் தேடினான்.

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாதது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது தெரியும். அதற்கு மேல் அவன் சொன்னது இது. ஏழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 127. அது பகா எண். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 2047. பதினொன்று பகா எண்தான், ஆனால் 2047 இருபத்து மூன்றால் வகுபடும், எண்பத்தொன்பதாலும் வகுபடும். நான் கருவாடு சுற்றி வந்த பேப்பரில் வகுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. தம்பி சொன்ன விதி இது. எத்தனை இரண்டு என்று காட்டும் அடி எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் மேலே வருவது நிச்சயம் பகா எண் இல்லை. அடியில் இருப்பது பகா எண்ணாக இருந்தாலோ, மேலே வருவது எப்படியும் போகலாம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் பார்க்காததா என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட எண்களை உலகம் முழுவதும் ஆட்கள் பங்கு போட்டுச் சோதிக்கிறார்களாம். இன்டர்நெட்டில் கேட்டால் யாருக்கும் ஓர் எண் தருவார்கள். எங்கள் மலையில் றப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆளுக்கு ஒரு வரிசை மரம் தருவதைப் போல. தம்பிக்கு வந்தது, பன்னிரண்டு கோடி இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த மாதிரி ஓர் எண். அடியில் உள்ள சரியான தொகை ஒன்பது இலக்கம், அதுவும் பகா எண். மேலே வரும் எண்ணை எழுதினால் மூன்றரைக் கோடி இலக்கத்துக்கும் அதிகம். நொடிக்கு ஓர் இலக்கமாக வாசித்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் வாசிக்க வேண்டும். அதைச் சோதிக்க ஒரு சின்ன எண்ணை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி அதாலேயே பெருக்கி, மறுபடி வகுத்து, மறுபடி மீதி. இப்படிப் பன்னிரண்டு கோடி தடவை. கடைசி மீதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் எண்ணைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

முடிவை அனுப்பும்போது பெயர் போட ஓர் இடம் இருந்தது. அதை வெறுமையாக வைத்திருந்தான்.

"ஏன்டா பேரு போடல?" என்று கேட்டேன்.

"முடியட்டும்க்கா. மொதல்லயே போட்டுட்டு நடுவுல நின்னு போனா அசிங்கம்."

பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னான். "கடையில ஒரு நாளைக்கு எத்தன கடுதாசி டைப் பண்றேன். ஆளுங்களுக்கு மனு எழுதுனா அவங்க பேரு. விளம்பரம் அடிச்சா கடை பேரு. நா செஞ்சதுன்னு எங்கயும் ஒண்ணும் இல்ல. இது ஒண்ணாவது எம் பேருல நிக்கட்டும்க்கா."

அவன் என்னிடம் எதையும் கேட்கிறவன் அல்ல. இதையும் என்னிடம் கேட்கவில்லை, சும்மா சொன்னான். அதனால்தான் அது எனக்கு மறக்கவில்லை.

எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் எட்டுக் காம்பரா, எல்லாவற்றுக்கும் ஒரே பழைய கம்பியில் கரண்ட். பக்கத்துக் காம்பரா கருப்பாயி அத்தை கரண்ட் கேத்தலைப் போட்டால் எங்கள் பல்பு மஞ்சளாகும், கொம்பியூட்டர் படுத்துவிடும். அது விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும், கெட்டுப்போகாது. ஆனால் ஒவ்வொரு தடவை படுக்கும்போதும் நேரம் போனது. இப்படியே போனால் குறித்த நாளுக்கு முடியாது என்று தம்பி கணக்குப் பார்த்துச் சொன்னான்.

ஆகவே அவன் போய்க் கருப்பாயி அத்தையிடம் உண்மையைச் சொன்னான். அதுதான் அவன் செய்த பிழை. பொய் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

"எதாலயும் பிரிக்க முடியாத நம்பரா?" என்றாள் அத்தை.

"அப்படி இருக்கலாம்னு பாக்குறோம் அத்தை. பல லச்சத்துல ஒண்ணுதான் அப்படி வரும்."

"வந்தா?"

"உலகத்துலயே பெரிய நம்பர் வரிசையில அதுவும் ஒண்ணு. பேப்பர்ல எல்லாம் வரும்."

அத்தை கேத்தலைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தாள். அன்று மாலையே எட்டுக் காம்பராவிலும் ஸ்திரிக்கை, கேத்தல் எல்லாம் நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கசங்கிய வெள்ளைச் சட்டையோடு போனார்கள். கொம்பியூட்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. தியாகம் செய்யத் தொடங்கிய பிறகு அது அவ்வளவு அவசியமில்லை என்று கேட்க யாருக்குப் பிடிக்கும்.

கோவில் திருவிழா நெருங்கியது. மாரியம்மன் கோவிலின் சீரியல் பல்பும் ஸ்பீக்கரும் வருடா வருடம் எங்கள் லயத்துக் கம்பியில்தான் தொங்கும். தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்கும் கோவிலுக்கும் ஒரே தலைவர், செல்லையா தலைவர். தம்பி அவரிடம் போய் நின்றான்.

"ஒரு கொம்பியூட்டருக்காக அம்மனை இருட்டுல வைக்கச் சொல்றியா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க தலைவரே. மெசின் நின்னா நம்பர் வேற ஆளுக்குப் போயிரும். அதான்."

"யாருக்குப் போகும்?"

"தெரியாதுங்க. எந்த நாட்டுக்காரனுக்கும் போகலாம்."

தலைவருக்கு அந்த இடம் உறைத்தது. எங்கள் தோட்டத்துக்கு வர வேண்டியது வேறு எங்கேயோ போவது அவருக்குப் பழக்கமான விஷயம், பிடிக்காத விஷயமும் கூட. ஜெனரேட்டர் பிடிக்கிறேன் என்றார். "ஆனா ஒண்ணு தம்பி. பேரு வரும்போது சங்கத்துப் பேரு வரணும். நாங்க வெளிச்சம் குடுத்தோம்ல."

"பாப்போம்ங்க" என்றான் தம்பி.

எங்கள் தோட்டத்தில் 'பாப்போம்' என்று நிர்வாகம் பண்ணும் தொரை சொன்னால் முடியாது என்று அர்த்தம். தம்பி சொன்னதால் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனார்.

கருப்பாயி அத்தை அதைக் கேள்விப்பட்டாள். கேத்தலை அலமாரியில் வைத்தவள் அவள். அவள் சங்கத்துக்குக் கேட்கவில்லை, தனக்கும் கேட்கவில்லை. அம்மன் பெயரைக் கேட்டாள். அதற்காக நம்பருக்கு அர்ச்சனை செய்வதாக நேர்ந்துகொண்டாள். தம்பி அவளைத் தடுக்கப் பார்த்தான்.

"அத்தை, இது சாமியால ஆகுற காரியம் இல்ல. அந்த நம்பர் பகா எண்ணா இல்லையாங்கிறது எப்பவோ முடிவான விசயம். உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே. இனி யாராலும் மாத்த முடியாது."

"முடிவான விசயம்னா நீ ஏன் ராப்பகலா மெசின ஓட்டுற?"

"என்ன முடிவுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"நாங்க மட்டும் எதுக்குக் கோவிலுக்குப் போறோமாம்" என்றாள் அத்தை. தம்பி ஒன்பது இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தான். உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்தவன்.

அர்ச்சனைக்கு நானும் போனேன். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் கேட்டார். "பேரு?"

"பேரு இன்னும் வைக்கலீங்க சாமி. நம்பரு" என்றாள் அத்தை. ஒன்பது இலக்கத்தைத் தம்பியிடம் எழுதி வாங்கி, பாடமாக்கியிருந்தாள். தடுமாறாமல் சொன்னாள். "இது தாய் நம்பருங்க. பிள்ளை நம்பர் ரொம்ப நீளம். சொன்னா நீங்க நடை சாத்த முடியாது."

பூசாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நட்சத்திரம்?"

அதையும் அத்தை யோசித்திருந்தாள். தம்பிக்கு எண் வந்து சேர்ந்த பங்குனி நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்திருந்தாள். "ரோகிணிங்க."

"அப்ப ரிஷப ராசி. ஆணா, பெண்ணா?"

"பிரியாத பிள்ளை சாமி. எதுன்னா என்ன."

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு, ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம் என்று தொடங்கி, ஒன்பது இலக்கத்தையும் வடமொழி ராகத்தில் சொல்லி, பூவைப் போட்டார். ஐந்தாவது இலக்கத்தை விட்டுவிட்டார். ஐந்தாவதைப் போட்டு மறுபடி செய்யச் சொன்னேன். ஓர் இலக்கம் மாறினால் அது வேறு எண். பக்கத்து எண்ணுக்குப் புண்ணியம் போவது எனக்குச் சம்மதமில்லை.

இந்த அர்ச்சனைச் செய்தி டவுனுக்குப் போய் இப்திகார் நானா காதில் விழுந்தது. அவர் கடையில் ஆள் இல்லாத நேரம் தம்பியைக் கூப்பிட்டார். நானும் அன்று அடையாள அட்டைக்குப் போட்டோகொப்பி எடுக்கப் போயிருந்தேன்.

"மவன், தோட்டத்தில எல்லாரும் பேரு கேக்கிறாங்களாமே. கொம்பியூட்டர் யாருட?"

"உங்கடதான் நானா."

"அப்ப கடைட பேர போடுறதுதானே நியாயம். நா ஒண்டும் கேக்கல. நியாயத்தச் சொல்றேன்."

"கோழிக்கூட்டுக்கு முட்டுக் குடுக்கச் சொன்னீங்க நானா" என்றேன் நான்.

"அது பகிடிக்குச் சொன்னது தங்கச்சி. கோழியும் இல்ல, கூடும் இல்ல எங்கட வீட்டுல."

தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி நிறுத்தினான். நானாவிடமும் 'பாப்போம்' என்றான். அவனுக்கு மறுக்கத் தெரியாது. அந்தக் கடையில் அவன் சம்பளம் வாங்குகிறான், அந்தக் கோவிலில் எங்கள் குடும்பம் கும்பிடுகிறது, அந்தச் சங்கம் இல்லாமல் எங்கள் காம்பராவுக்குக் கூரைத் தகரம் வராது. யாரிடம் போய், இது என் பெயரில் இருக்கட்டும் என்று சொல்வான்.

திருவிழாவின் முதல் நாள் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவனைக் கேட்காமலே கூட்டம் நல்லபடி நடந்தது. மூன்று பெயரையும் சேர்த்துப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். எது முதலில் வரும் என்று கேட்டதும் அது நின்றது. அம்மன் பெயர் முதலில் என்றால் தலைவருக்குச் சம்மதம், கடைப் பெயர் அம்மன் பெயருக்குப் பக்கத்தில் வருவதில் கருப்பாயி அத்தைக்குச் சம்மதமில்லை. பெயர் போடும் இடத்தில் எத்தனை எழுத்துப் போடலாம் என்று யாருக்கும் தெரியாது.

"அதை ஓட்டுறது என் தம்பி" என்றேன்.

"யார் இல்லேன்னா? அவன் நம்ம பிள்ளைதானே" என்றார் தலைவர் அன்பாக. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாலையில் தம்பிக்கு எல்லாம் சொன்னேன். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "விடுக்கா. நல்லபடியா முடிஞ்சா எல்லாரும் சந்தோசப்படுவாங்க. மூணையும் போட்டுருவோம்" என்றான். அதன் பிறகு அவன் அந்தத் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். கோவிலில் வாழை கட்டவும் தண்ணீர் சுமக்கவும் போனான். முடியும் நாள் நெருங்க நெருங்க எட்டுக் காம்பரா ஆட்களும் எட்டிப் பார்த்துவிட்டுப் போக, ஓட்டுகிறவன் மட்டும் பார்க்கவில்லை.

மஞ்சள் நீராட்டு நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம் அது முடிந்தது. மஞ்சள் தண்ணீரில் நனைந்த சட்டையோடு ஆட்கள் எங்கள் வாசலில் கூடினார்கள். இப்திகார் நானா திருவிழாச் சாப்பாட்டுக்கு வந்தவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். தம்பி குனிந்து படித்தான்.

"என்ன சொல்லுது?" என்றார் தலைவர்.

"பகா எண் இல்லீங்க."

கருப்பாயி அத்தை ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இல்லைன்னா?" என்றாள் அத்தை.

"வகுபடும் அத்தை."

"எதால?"

"அது தெரியாது."

"தெரியாதா?"

"வகுபடும்னு நிச்சயமாத் தெரியும். எதால வகுபடும்னு இந்தச் சோதனை சொல்லாது. சின்னச் சின்ன எண்ணால எல்லாம் முன்னாடியே வகுத்துப் பாத்துட்டாங்க, வகுபடல. ஏதோ ரொம்பப் பெரிய எண்ணாத்தான் இருக்கும். அது இப்போதைக்கு உலகத்துல யாருக்கும் தெரியாது."

"பிரியும்னு சொல்ற, எதால பிரியும்னு சொல்ல மாட்டேங்கிற" என்றார் தலைவர். "எங்க சங்கக் கூட்டமே பரவால்ல போல."

"மெசின் பிழையா ஓடிரிக்குமோ?" என்றார் நானா. "தண்ணி போன மெசின்தானே."

"இல்ல நானா. ஓடும்போதே அது தன்னைச் சரிபார்த்துக்கும். கணக்குச் சரிதான்."

தலைவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார். "அப்ப சங்கத்துப் பேரை இதுல போடாத தம்பி. வகுபடுறதுக்கெல்லாம் எங்க பேரு எதுக்கு. நாளைக்கு எதிர்ச்சங்கத்துக்காரன் சொல்லிச் சிரிப்பான்."

"அம்மன் பேரும் வேணாம்" என்றாள் கருப்பாயி அத்தை. "சாமி குத்தமாயிரும். பூசாரி முதல் தடவை நம்பரை விட்டப்பவே எனக்கு மனசு சரியில்ல."

நானாவைப் பார்த்தோம். "யாவாரம் செய்ற கடை மவன்" என்றார். "இல்லைன்னு வந்த ரிசல்ட்டுல கடைட பேரு சரியில்லதானே. கொம்பியூட்டர நா ஒனக்குத் தந்ததுதான். அது ஒன்டதான்."

மூன்று பேரும் மிகுந்த பெருந்தன்மையோடு அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பராவில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பல்பு மஞ்சளானது. கொம்பியூட்டர் படுத்துவிட்டது.

தம்பி கரண்டுக்காகக் காத்திருந்தான். அவனுக்கு மனது விட்டுப் போயிருக்கும் என்று நினைத்து, "பாவம்டா, இவ்வளவு ஓட்டியும்" என்றேன்.

"என்ன பாவம்? இதுக்கு முன்னாடி இந்த நம்பர் எப்படின்னு யாருக்கும் தெரியாது. இப்பத் தெரியும். இனி யாரும் இதை ஓட்ட வேண்டியதில்ல. பகா எண்ணா இருந்தாலும் இல்லாட்டியும், ஓட்டுனவன் செஞ்ச வேலை ஒண்ணுதான்க்கா."

அத்தை தேத்தண்ணி ஊற்றி முடித்ததும் வெளிச்சம் திரும்பியது. தம்பி கொம்பியூட்டரை எழுப்பி, போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்து, முடிவை அனுப்பும் பக்கத்தைத் திறந்தான். பெயர் போடும் இடம் வெறுமையாக இருந்தது. ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். வாசலில் யாரும் இல்லையா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை, எல்லோரும் எதிர்ப்பக்கம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு தன் பெயரை அடித்தான். சரியா என்று என்னைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். சரியாக இருந்தது. அனுப்பினான்.

அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் அந்த எண்ணுக்கு நேரே அந்தப் பெயர் இருக்கிறது. அந்த எண் பகா எண் இல்லை என்பது மாறப்போவதில்லை, ஆகவே அந்த வரியை அழிக்கவும் யாருக்கும் காரணம் இல்லை. என் தம்பி தான் செய்த வேலை ஒன்றின் கீழ் முதன்முதலாகத் தன் பெயரை வைத்தது 2024 மே மாதம் 5ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.